விடோரின் தட்டை வேகப்படுத்தாதே, தம்பி

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை

அன்பு மகனுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்துக்காக ஜெபிக்கிறோம்.

பிரெஞ்சு இசையமைப்பாளரும் ஆர்கன் கலைஞருமான விடோரின் பழைய இசைத்தட்டை நீ வேகமாக்கி அனுப்பிய பதிவைக் கேட்டேன். கோப்புக்குச் "சரி செய்தது" என்று பெயர் வைத்திருக்கிறாய். யார் கேட்டார்கள் உன்னைச் சரி செய்யச் சொல்லி? 1932-இல் பாரிஸ் செயின்ட் சுல்பீஸ் ஆலயத்தில், எண்பத்தெட்டு வயதில், தான் எழுதிய டொக்காட்டா என்ற ஆர்கன் இசையைத் தானே வாசித்துப் பதிவாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்தக் கிழவர். 1870 முதல் அதே ஆர்கன் முன்னால் உட்கார்ந்தவர். அவருக்கு அதன் வேகம் தெரியாது, உனக்குத் தெரியும் என்கிறாய்.

உன் வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. முதலில் அச்சான பிரதியில் மெட்ரோனோம் குறி, அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகக் குறி, 118 என்றுதான் இருக்கிறது. தட்டில் கேட்பது 100-ஐத் தாண்டுவதில்லை, சில இடங்களில் அதற்கும் கீழே. ஆகவே பழைய பதிவு இயந்திரம் ஏமாற்றியிருக்கிறது, அல்லது கிழவருக்குக் கை ஓடவில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டாய்.

முதலில் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். இசைத்தட்டு மெதுவாகச் சுற்றினால் லயம் மட்டுமா குறையும்? சுருதியும் இறங்கும். இரண்டும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள். 118-இல் வாசித்தது 100 ஆகக் கேட்கிறது என்றால், சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கியிருக்க வேண்டும். அந்த டொக்காட்டா எஃப் மேஜரில் உள்ளது. நம் ஊர்க் கணக்கில் நாலு கட்டை. நீ சொல்வது உண்மையானால் தட்டில் அது இரண்டு கட்டையில் ஒலிக்க வேண்டும். ஒலிக்கிறதா? உன் இசைக்கவையை எடுத்துத் தட்டி, கடைசியில் நீண்டு நிற்கும் அந்தப் பெரிய கார்டுகளோடு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பவை) ஒப்பிட்டுப் பார். நான் பார்த்தேன். நாலு கட்டையில்தான் நிற்கிறது.

இன்னொரு வழியிலும் கணக்குப் போடலாம். நிமிடத்துக்கு 78 சுற்றில் ஓட்டும்போது 100 என்று கேட்பது உண்மையில் 118 ஆக இருந்திருக்க வேண்டுமானால், தட்டை 92 சுற்றில் வெட்டி, அதாவது பதிவு செய்து, இருக்க வேண்டும். பாத்தே நிறுவனத்தின் ஆரம்பகாலத் தட்டுகள் 90-க்கும் மேலே சுற்றியது உண்டு, தெரியும். அது வேறு காலம், வேறு வகைத் தட்டு. 78 என்று எழுதிவிட்டு 80-இல் வெட்டுவது போன்ற சில்லறை வித்தியாசங்கள்தான் விடோர் காலத்தில் வரும். 80-ஐ 78-இல் ஓட்டினால் சுருதி அரைச்சுரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். லயமோ 100-க்குப் பதில் 97½ ஆகும். இதற்காக நீயும் நானும் சண்டை போட வேண்டியதே இல்லை.

தட்டின் ஒரு பக்கத்தில் இடம் போதாமல் அவசரமாக வாசித்தார்கள் என்று பல பழைய தட்டுகளைப் பற்றிச் சொல்வார்கள். அதுவும் இங்கே பொருந்தாது. பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஒரு பக்கம் நாலரை நிமிடம். 118-இல் வாசித்தாலும் இந்த டொக்காட்டா ஐந்து நிமிடத்தைத் தாண்டும். எப்படியும் தட்டைத் திருப்பித்தான் ஆக வேண்டும். திருப்பிய பிறகு தாராளமாக இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்: முதல் பக்கம் முடியும் சுருதியும் அடுத்த பக்கம் தொடங்கும் சுருதியும் ஒன்றுதானா என்று பார். வேறுபட்டால் தட்டு ஒரே வேகத்தில் சுற்றவில்லை என்று பொருள். ஊசி உள்வட்டத்துக்குப் போகப் போகச் சுருதி மெல்ல நகர்கிறதா என்றும் கவனி. இதைச் சரி செய், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆர்கனே கொடுக்கும் சாட்சியை வைத்துச் செய்யும் திருத்தம் அது.

நீ செய்ததோ சாட்சியையே கலைத்தது. மென்பொருளில் சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு லயத்தை மட்டும் ஏற்றியிருக்கிறாய். பழைய தட்டில் பிரிக்க முடியாமல் கிடந்த இரண்டைப் பிரித்துவிட்டால், பிறகு கேட்பவன் எதை வைத்து உன் வேகம் சரியா தவறா என்று சொல்வான்? காது கொஞ்சம் பழகியவனுக்கு அந்தக் கார்டுகளின் எதிரொலி அடங்கும் விதமே வினோதமாகப் படும். நீ ஆலயத்தின் எதிரொலியையும் சேர்த்தல்லவா விரட்டியிருக்கிறாய்!

ஆர்கனின் சுருதி கல்லில் வெட்டியது என்றும் நினைக்காதே. சென்னையில் பைப் ஆர்கன் வாசித்த நாட்களில் மே மாதம் எனக்குத் தலைவலியே அதுதான். வெயிலில் காற்று சூடாகும், ஒலி வேகமாக ஓடும், ரீடு (அதிரும் உலோக நாக்கு) இல்லாத குழல்களெல்லாம் சுருதி ஏறிவிடும். ரீடு வைத்தவை அவ்வளவாக அசையாது. இரண்டையும் சேர்த்து இழுத்தால் வெண்கலக் கடையில் ஆனை புகுந்த மாதிரிதான். பத்து டிகிரி கூடினால் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை ஏறும். பிரான்சில் 1859-இல் சட்டம் போட்டு, ஏ சுரத்துக்கு நொடிக்கு 435 அதிர்வு என்று வைத்த சுருதிகூட 15 டிகிரிக்குத்தான். அதே குழல் 20 டிகிரியில் 439-ஐ நெருங்கிவிடும். ஆகவே "440 வரும்வரை திருகினேன்" என்று யாராவது சொன்னால், அன்று ஆலயத்தில் என்ன குளிர் என்று கேள். ஆனால் பத்து டிகிரியும் மாறியிருந்தாலும் லயக் கணக்கில் 100 என்பது 101, 102 ஆகும், அவ்வளவே. சூட்டுக்கு ஏமாந்தாலும் 118-க்குப் போக வழியில்லை.

இனி கை ஓடவில்லை என்ற பேச்சு. தளர்ந்த கை ஒரு சீராக ஓடாது. கடினமான இடத்தில் தேங்கும், சுலபமான இடத்தில் முந்தும். இங்கே அப்படி இல்லை, கார்டுகள் ஒவ்வொன்றும் வெட்டி வைத்தது போல விழுகின்றன. அதோடு பிற்காலப் பதிப்பில் 118-ஐ அடித்துவிட்டு 100 என்று மாற்றியவரும் விடோர்தான். மனம் மாறியதற்குக் காரணம் அந்த ஆலயத்தின் எதிரொலி என்பது என் எண்ணம். அவ்வளவு பெரிய கட்டடத்தில் 118-இல் வாசித்தால் வலது கைச் சுரங்கள் புகைமூட்டம் ஆகிவிடும். இன்றைக்குப் பல வாத்தியக்காரர்கள் கல்யாண வீட்டு வேகத்தில் விரட்டுவதைக் கேட்டுக் கேட்டு உன் காது அதற்கே பழகிவிட்டது.

விடோரின் மாணவர், மருத்துவராகவும் இருந்த ஷ்வைட்சரும் பாக் என்ற இசையமைப்பாளரின் படைப்புகளை வாசிப்பதில் நிதானக்காரர்தான். ஆப்பிரிக்காவில் நடத்திய லம்பரேனே மருத்துவமனை வேலைக்கு நடுவே லண்டனுக்கு வந்து, டவர் கோட்டை அருகே உள்ள ஆல் ஹாலோஸ் ஆலயத்தில் 1935-இல் பதிவு செய்தார். அந்தத் தட்டுகளை நீ அடுத்து எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அங்கே இன்னும் கவனம் வேண்டும். அந்த ஆலயமும் ஆர்கனும் போரில் குண்டுவீச்சில் அழிந்தன. செயின்ட் சுல்பீஸில் 1862-இல் கவாயே-கோல் அமைத்த ஆர்கன் பெரிய மாற்றமின்றி இன்னும் நிற்கிறது, போய்க் கேட்டுச் சரிபார்க்கலாம். ஆல் ஹாலோஸில் கேட்டுப் பார்க்க எதுவும் இல்லை. தட்டுக்குத் தட்டு ஒப்பிட்டு, ஒரே நாளில் எடுத்தவற்றின் சுருதி ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று மட்டுமே பார்க்க முடியும். அதற்கு மேல் திருகாதே.

இப்போது நீ செய்ய வேண்டியது: தட்டிலிருந்து எடுத்த கோப்பைக் கை வைக்காமல் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செயின்ட் சுல்பீஸில் ஆர்கன் வாசிப்பார்கள் அல்லவா, அங்கே உட்கார்ந்து முழுதும் கேள். போகும்போது ஒரு சின்ன வெப்பமானியும் எடுத்துப் போ. மேலே ஆர்கன் மாடத்துக்கு விட்டால் அங்கேயும் பார், கீழேயும் மேலேயும் ஒரே சூடு இருக்காது. எண்களை எழுதி அனுப்பு. கோட்டை மறந்துவிட்டுப் போய் இருமிக்கொண்டு வராதே. அப்பா உன் வங்கிக் கடிதம் வந்திருப்பதாகச் சொல்லச் சொன்னார். பிரித்துப் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா