பயிற்சி நூலின் சார்புகள் அதிகாரத்தில் உள்ள தவறான விடைகள் குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். கடந்த ஜனவரியில் சிங்கப்பூர் பிராஸ் பசாவில் ஒரு கடையில், மேல்நிலைத் தேர்வின் எச்2 கணிதப் பாடத்துக்கான உங்கள் பயிற்சி நூலை 42 வெள்ளிக்கு வாங்கினேன். என் மகள் தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். சார்புகள் அதிகாரத்தில் சில விடைகள் தவறு என்று மூன்று வாரங்களுக்கு முன் மின்னஞ்சல் அனுப்பினேன். “சுருக்கிய பின் கிடைக்கும் கோவையில் எந்த எண்ணையும் இடலாம், ஆகவே விடை சரியானதே” என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அச்சுப்பிழை என்று சொல்லியிருந்தால் நான் அத்துடன் விட்டிருப்பேன். தவறையே விதியாக்கிச் சொல்லும் அந்தப் பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

இரண்டாம் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி என்ற சார்பு எக்ஸிலிருந்து 4ஐக் கழித்து வர்க்கமூலம் காண்கிறது. அதன் மதிப்பகம், அதாவது அது ஏற்கும் எண்களின் தொகுப்பு, 4உம் அதற்கு மேற்பட்ட எண்களும். எஃப் என்ற சார்பு எந்த மெய்யெண்ணையும் வாங்கி, வர்க்கப்படுத்தி, 1ஐக் கூட்டுகிறது. முதலில் ஜி, பிறகு எஃப் என்று சேர்த்தால், எக்ஸ் கழித்தல் 3 என்ற எளிய கோவை மிஞ்சுகிறது. அதுவரை உங்கள் நூல் சரி. அடுத்த வரியில் ‘மதிப்பகம்: எல்லா மெய்யெண்களும்’ என்று இருக்கிறது.

எக்ஸுக்கு 0ஐ இட்டுப் பாருங்கள். ஜி காண வேண்டியது குறை 4இன் வர்க்கமூலம். மெய்யெண்களில் அப்படி ஒன்று கிடையாது. ஜி எதையும் கொடுக்காதபோது எஃப் எதை வர்க்கப்படுத்தும்? உங்கள் விடைப்படி 0க்கு வரும் மதிப்பு குறை 3. ஆனால் எஃப் எந்த மெய்யெண்ணை வாங்கினாலும் 1க்குக் குறைவாக எதையும் தராது. எஃப் ஒருபோதும் தர முடியாத எண்ணை எஃப் தந்ததாக அச்சிட்டிருக்கிறீர்கள்! இதை ஒருவர் கூடவா சரிபார்க்கவில்லை?

என் மகள் அந்தக் கணக்குக்கு முதலில் ‘4உம் அதற்கு மேலும்’ என்றுதான் எழுதியிருந்தாள். விடைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அதை அழித்தாள். நூல் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று நம்பி, இதே வகைக் கேள்விக்கு வகுப்புத் தேர்வில் ‘எல்லா மெய்யெண்களும்’ என்று எழுதி மதிப்பெண் இழந்தாள். சரியாகத் தெரிந்திருந்த ஒன்றை உங்கள் நூலை நம்பிக் கைவிட்டிருக்கிறாள். 42 வெள்ளியைவிட எனக்கு இதுதான் வலிக்கிறது.

நான் திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். அன்றிரவு அவளிடம் இட்லியை வைத்தே விளக்கினேன். கிரைண்டருக்குள் போகாத அரிசி இட்லித் தட்டுக்கு வராது. கொப்பரையில் ஆவி எவ்வளவு நன்றாக வந்தாலும் அந்த அரிசி இட்லியாகாது. முதல் சார்பு ஏற்காத எண்ணும் அப்படித்தான். அவளுக்கு உடனே புரிந்தது. ஆனால் உங்கள் நூலை வாங்கிய மற்றப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

இதைவிடப் பெரிய குறை ஐந்தாம் கணக்கில் இருக்கிறது. அங்கே ஜி எல்லா மெய்யெண்களையும் ஏற்று 5ஐக் கழிக்கிறது. எஃப் பூச்சியத்தையும் மிகை எண்களையும் மட்டும் ஏற்று வர்க்கமூலம் காண்கிறது. சேர்ப்பின் மதிப்பகம் ‘5உம் அதற்கு மேலும்’ என்கிறீர்கள். வேறு சில நாடுகளின் பாடநூல்களில் இது சரியான விடைதான். பொருந்தாத எண்களை ஒதுக்கிவிட்டு மிஞ்சியதை மதிப்பகம் என்பது அங்கே வழக்கம். நம் மேல்நிலைத் தேர்வின் வழக்கம் வேறு. ஜியின் வீச்சகம், அதாவது ஜி தரும் எண்களின் தொகுப்பு, முழுவதும் எஃப்பின் மதிப்பகத்துக்கு உட்கணமாக இருந்தால்தான் சேர்ப்பே உண்டு. உண்டு என்றானால், அதன் மதிப்பகம் ஜியின் மதிப்பகமே. இந்தக் கணக்கில் ஜியின் வீச்சகம் எல்லா மெய்யெண்களும் என்பதால் சேர்ப்பு இல்லை என்றே மாணவர் எழுத வேண்டும். ஜியின் மதிப்பகத்தை முன்னரே ‘5உம் அதற்கு மேலும்’ என்று குறுக்கிக்கொண்டால் மட்டும் சேர்ப்பு கிடைக்கும். சேர்ப்புக்கான இந்த நிபந்தனை எச்2 கணிதத்தின் 9758 என்ற எண்ணுள்ள பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதே எண்ணை உங்கள் நூலின் அட்டையிலும் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டுக் கணக்குகளை எடுத்து உள்ளே வைத்தால், நம் தேர்வுக்கு ஏற்றபடி அவற்றைத் திருத்துவது உங்கள் கடமையல்லவா?

எட்டாம் கணக்கில் ‘எக்ஸ் கழித்தல் 3’ என்ற கோவையால் 1ஐ வகுத்து, கிடைத்ததைக் கொண்டு மீண்டும் 1ஐ வகுத்து, 3ஐ விலக்க மறந்திருக்கிறீர்கள். ஒன்பதாவதில் இரண்டு வர்க்கமூலங்களைக் கூட்டும்போது இரண்டு மதிப்பகங்களுக்கும் பொதுவான எண்களை மட்டும் எடுக்காமல், ஏதேனும் ஒன்றில் உள்ள எல்லா எண்களையும் மதிப்பகமாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள சட்ட விதிப்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். நான் நூலை வாங்கி இன்னும் நான்கு மாதம் கூட ஆகவில்லை. என் பணத்தைத் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியமாக, இந்த நான்கு விடைகளுக்கும் திருத்தத் தாள் அச்சிட்டுக் கடைகளில் மீதமுள்ள ஒவ்வொரு பிரதியிலும் வையுங்கள், உங்கள் இணையத்தளத்திலும் வெளியிடுங்கள். பணத்தை மட்டும் கொடுத்து விஷயத்தை முடித்துக்கொள்ள நான் சம்மதிக்க மாட்டேன்.

14 நாட்களுக்குள் உங்கள் கணிதப் பதிப்பாசிரியரிடமிருந்து எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் முறையிடுவேன். ரசீதின் நகலையும், என் மகள் சரியான விடையை அழித்த பக்கத்தின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அழித்த இடத்தில் அவள் முதலில் எழுதிய 4 இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸில் வசிக்கும் உங்கள் வாடிக்கையாளர்