இறங்கி வந்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார இதழில் பர்கர், பீட்சா கம்பெனிகளைப் பற்றி வந்த கட்டுரையில் 'இந்தியர்களின் பர்ஸுக்கு ஏற்ப இறங்கி வந்தார்கள்' என்று ஒரு வரி. முதல் ஈடு போண்டாவை எடுத்து வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தவன், அந்த வரியிலேயே நின்றுவிட்டேன், இரண்டாவது ஈடு கருகிவிட்டது. யார் சார் இறங்கி வந்தது?

உறையூரில் 26 வருடமாக டீக்கடை வைத்திருக்கிறேன். 1996-ல் டெல்லியில் முதல் கடை திறந்த மெக்டொனால்ட்ஸ், மாடும் பன்றியும் வேண்டாம் என்று ஆட்டுக்கறியில் மகாராஜா மேக் போட்டதை ஒத்துக்கொள்கிறேன், அது யோசித்துச் செய்த காரியம். ஆனால் 2004-ல் 20 ரூபாய் என்று கூவிக் கூப்பிட்டார்களே, அதில் இருந்தது என்ன? ஆலு டிக்கி. உருளைக்கிழங்கையும் பட்டாணியையும் மசாலா போட்டுப் பிசைந்து, தட்டி, எண்ணெயில் பொரித்து, பன்னுக்கு நடுவில் வைத்தது. நான் கடலைமாவில் முக்கிப் போடுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் 2017-ல் மசாலா தோசை பர்கர் என்று ஒன்று வந்தது. தோசையிடம் என்ன குறை கண்டார்களோ!

உங்கள் இதழையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் 'சாலையோர எண்ணெய்ப் பலகாரங்கள், ஜாக்கிரதை' என்று முழுப் பக்கம் போட்டீர்கள், படத்தில் இருந்தது போண்டா. அதே உருளைக்கிழங்கு ஏசி ரூமில் பொரிந்தால் 'சுவைப் புரட்சி' ஆகிவிடுகிறது. அப்போதே ஒரு கடிதம் எழுதினேன், வரவில்லை. பரவாயில்லை, இடம் இருந்திருக்காது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். வடக்கே பல மெக்டொனால்ட்ஸ் கடைகளில் தரமான தக்காளி கிடைக்கவில்லை என்று அறிவிப்பு ஒட்டிவிட்டு பர்கரில் தக்காளியையே நிறுத்தினார்கள். அந்த மாதம் நான் அப்படி ஓர் அட்டை எழுதி மாட்டியிருந்தால், அட்டையையும் பிடுங்கி, தட்டையும் மூஞ்சியில் வீசியிருப்பார்கள். தக்காளிச் சட்னி ஒரு நாள்கூட நிற்கவில்லை. கடைசியில் போண்டாவை 8-லிருந்து 10 ஆக்கினேன், அதற்கே ஓர் ஆட்டோக்காரத் தம்பி போண்டாவைப் பிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "என்னண்ணே, தங்கக் காசு ஏதும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். பர்ஸுக்கு ஏற்ப இறங்குவது என்றால் இதுதான் சார்.

போன மாதம் பேத்தி கேட்டாள் என்று ஒரு கடைக்குப் போனேன், பெயர் வேண்டாம். வாசலில் ஆள் உயரத்துக்கு '69 முதல்'. அந்த 'முதல்' மட்டும் எறும்பு சைஸில். உள்ளே ஆர்டர் போடும் திரையில் ஒரு வார்த்தை தமிழ் இல்லை, மெனுவை நமக்காக மாற்றியவர்களுக்கு எழுத்தை மாற்ற நேரம் இல்லை போலும். நான் விழிப்பதைப் பார்த்து கவுன்டர் பெண்ணே வந்தாள். "சீஸ் ஆட் பண்ணவா அங்கிள், காம்போ ஆக்கவா, ட்ரிங்க் லார்ஜ் போடவா?" என்று அவள் கேட்கக் கேட்க, பேத்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டாள். இரண்டு பேருக்கு 512 ரூபாய். குடிக்கத் தண்ணீர் கேட்டால் பாட்டில் வாங்கச் சொன்னாள். என் கடையில் டீ வாங்காதவருக்கும் தண்ணீர் உண்டு.

வரிக் கதை இன்னும் அழகு. 2017 நவம்பரில் ஏசி ஓட்டல் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமானது. அந்த மாதம் நான் போன இன்னொரு பெரிய கடையில் பில்லில் வரி குறைந்திருந்தது, போர்டில் விலை ஏறியிருந்தது, கொடுத்த காசு மட்டும் பழைய காசு. சிரித்துக்கொண்டே டோக்கன் கொடுத்தார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா என்ன, உங்கள் நிருபர்களும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை அந்தக் கடைகளின் விலையைப் போடும்போது விளம்பரத்தைப் பார்த்து எழுதாமல், நிருபர் கையில் வாங்கிய பில்லைப் பார்த்து, வரியோடு சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாரா வாரம் உங்கள் இதழ் வாங்கும் டீக்கடைக்காரன்,
உறையூர், திருச்சி.