குரல் தந்தவர்களுக்கும் அதை எழுத்தாக்கித் தந்தவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

கடைக்காரர்கள் வாயால் சொல்லும் கணக்கைக் கேட்டு எழுதிக்கொள்ளும் எங்கள் செயலி, சோதனை முடிந்து இந்த வாரம் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. வாழ்த்துகள் பெரும்பாலும் என் பெயருக்கே வருகின்றன. ‘தனி ஒரு பெண்ணாகச் சாதித்தார்’ என்றுகூட எழுதுகிறார்கள். தனியாக நான் செய்தது ஆபீசுக்கு வாடகை பேசியது ஒன்றுதான். மற்றதெல்லாம் யார் யாரோ தந்தது. யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பது ஊருக்கும் தெரியட்டும் என்றுதான் இந்த மடல்.

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்காரர்களுக்குத்தான் முதல் வணக்கம். 1999-இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தது அங்கேதான். விடியும் முன்பே மைக்கும் கையுமாக வந்து நின்ற எங்களை நீங்கள் விரட்டவில்லை. “யாவாரத்தக் கெடுக்காம ஓரமா நில்லு தாயி” என்று சொல்லி இடம் ஒதுக்கித் தந்தீர்கள். எழுதிவைத்த வாக்கியங்களை அமைதியான அறையில் உட்கார்ந்து படித்த பதிவுகள் எங்களிடம் ஏற்கெனவே இருந்தன. அவற்றில் மட்டும் பழகிய மென்பொருள் சந்தைக்குள் வந்ததும் திக்குமுக்காடிப் போனது. தராசுத் தட்டு மோதும் சத்தம், பக்கத்துக் கடையில் கூவும் விலை, ரிவர்ஸ் எடுக்கும் வேனின் பாட்டு. இத்தனைக்கும் நடுவே “ஒண்ணேமுக்கா கிலோ கத்திரி, அக்கா ஜிபேல போட்டுட்டாக” என்று போகிற போக்கில் பேசினீர்களே, அந்தப் பேச்சு எந்தப் புத்தகத்திலும் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

பதிவு செய்வது எளிது. அதைக் கேட்டு எழுதுவதில்தான் முதுகு ஒடியும். ஒரு மணி நேரச் சந்தைப் பேச்சை எழுதி முடிக்க ஒரு முழு நாளும் போதாது. உசிலம்பட்டிப் பக்கம் வீட்டிலிருந்தபடியே இந்த வேலையைச் செய்த அக்காமார் பலர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டு எழுதினார்கள்.

அவர்களில் ஒருவர் காய்கறி வியாபாரி வீட்டுப் பெண். நாங்கள் யாரும் கவனிக்காத ஒன்றை அவர்தான் பிடித்தார். “மூணு அம்பது” என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அது மூன்றரை ரூபாயாக இருக்கலாம், முந்நூற்றைம்பதாக இருக்கலாம், ஐம்பது ரூபாய்ப் பொருள் மூன்றாகவும் இருக்கலாம். “இதுல எதைக் குறிக்கிறதுன்னு எழுதட்டும் மேடம்?” என்று கேட்டு அனுப்பினார். எங்கள் இன்ஜினியர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். கடைசியில் அவரே, எந்தப் பொருளைப் பற்றிய பேச்சு என்று முன்வரிகளைப் பார்க்கச் சொன்னார். அதிலும் தெரியாவிட்டால் கடைக்காரரையே திருப்பிக் கேட்கச் சொன்னார். இன்று செயலி சந்தேகம் வந்தால் “மூணு ரூவா அம்பது காசா, முந்நூத்தி அம்பதா?” என்று கேட்கிறதே, அது அவர் யோசனை. புதுமை விருது என்று யாராவது தருவதாக இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள், நான் கார் ஏற்பாடு செய்கிறேன்.

எழுதும் விதிகளை வகுத்துத் தந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ‘வந்தாக’, ‘வந்தாவ’ என்றெல்லாம் எழுதிவைப்பதா என்று முதல் நாள் கோபித்துக்கொண்டார். மறுவாரம் அவரே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். பேசியது பேசியபடியே ஒரு வரி, எழுத்து வழக்கில் அதன் கீழே ஒரு வரி. ‘வந்துட்டிருக்கான்’ என்று சேர்த்து எழுதினாலும் ‘வந்துட்டு இருக்கான்’ என்று பிரித்து எழுதினாலும் ஒன்றுதான் என்று கணக்கிட ஒரு பட்டியலும் வைத்திருந்தார். சொல் சொல்லாகப் பிழை எண்ணும் வழக்கமான அளவுகோல் இந்த இடத்தில் தமிழுக்கு வீணாகத் தண்டனை போடும். அந்தப் பட்டியல் இல்லாமல் எங்கள் மென்பொருள் எவ்வளவு தேறியது என்று எங்களுக்கே தெரிந்திருக்காது. ஐயா, நீங்கள் சம்பளம் வாங்க மறுத்தது மட்டும் எனக்கு இன்னும் சம்மதமில்லை.

அடித்தளம் போட்டவர்களை மறந்தால் அது நன்றிகெட்டதனம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மாவட்டம் மாவட்டமாகப் பேச்சைத் திரட்டி, பேச்சைக் கேட்டு எழுதப் பழக்கிய கணினி மாதிரிகளையும் (மாடல்களையும்) தரவையும் யாரும் பயன்படுத்தத் திறந்துவைத்திருக்கிறது. பொதுமக்களின் குரலைத் திரட்டும் மோசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் கூலியில்லாமல் படித்துத் தந்த தமிழர்கள் எத்தனையோ பேர். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காகப் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தவர்கள், 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிக்கொண்டிருப்பவர்கள், தமிழில் தட்டச்சு செய்யும் முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன், தேனீ எழுத்துருவை உருவாக்கி 2006-இல் மறைந்த அதிராம்பட்டினத்து உமர் தம்பி. கணினியில் தமிழ் வருமா என்று கேட்ட காலத்தில் இவர்கள் வேலை செய்யாமல் போயிருந்தால், இன்று எந்த மாதிரிக்கும் படிக்கத் தமிழே இருந்திருக்காது. இன்றைக்கும் வசதி ஒன்றும் சமமாக இல்லை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் இடம் போதும். ‘கொ’ என்ற ஒரே எழுத்துக்கு ஆறு பைட் வேண்டும். பெரிய மாதிரிகள் பல தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக வெட்டித் துண்டுக்குத் துண்டு காசு வாங்குகின்றன. சிறிய நிறுவனத்துக்கு அந்த பில் வலிக்கும். இந்திய மொழிகளுக்கென்றே மாதிரி பழக்கியவர்கள் அந்த வலியைக் குறைத்தார்கள்.

எங்கள் ஆடிட்டர் அண்ணனுக்கு ஒரு தனி வணக்கம். முதலீடு கேட்டுப் போன ஓரிடத்தில், எதிரே இருந்தவர் தொழில்நுட்பக் கேள்விகளையெல்லாம் அவரைப் பார்த்தே கேட்டார். ஒவ்வொரு முறையும் அண்ணன் சலிக்காமல் “மேடத்துக்கிட்ட கேளுங்க சார், எனக்கு ஜிஎஸ்டி மட்டும்தான் தெரியும்” என்றார். முதலீடு கிடைக்கவில்லை. ஆனால் அன்று திரும்பும் வழியில் சிரித்த சிரிப்பு மறக்காது. வேலை, வேலை என்று நான் ஓடியபோதெல்லாம் என் மகளுக்குச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்பிய அத்தைக்கு இங்கே நன்றி எழுதினால் திட்டுவார். எழுதிவிட்டேன்.

ஒப்புதல் படிவத்தைச் சந்தையில் வாசித்தால் புரிகிற தமிழில் எழுதித் தந்த வழக்கறிஞர் தோழிக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையையும் தருகிறது. அதைப் படித்துப் பார்த்து, “என் குரலை எடுத்துருங்க” என்று சொன்னவர்களும் உண்டு. எடுத்துவிட்டோம். அவர்களுக்கும் நன்றி, படிவத்தை யாரோ ஒருவராவது உண்மையிலேயே படித்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டோம்.

இனி நடைமுறை விஷயம். தரவை மறுபடி விற்கும்போது அதைத் தந்தவருக்கும் பங்கு போகவேண்டும் என்பதைப் மக்களிடம் கூலி கொடுத்துப் பேச்சுத் தரவு திரட்டும் பெங்களூருவின் கார்யா அமைப்பு செய்து காட்டியிருக்கிறது. நாங்களும் அந்த வழியில் போகிறோம். பேசியவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் முதல் பங்குத் தொகை இந்த மாதம் வங்கிக் கணக்கில் ஏறும். கணக்கு எண் மாறியவர்கள், செல்போன் நம்பர் மாற்றியவர்கள், பேசிவிட்டுப் பெயர் தராமல் போன அண்ணாச்சிகள், எல்லோரும் சந்தையில் எங்கள் பிள்ளைகள் உட்காரும் மேசையில் சொல்லிவிட்டுப் போங்கள். பதிவில் உங்கள் குரலை ஒருமுறை போட்டுக் காட்டி உறுதி செய்துகொண்டு பணத்தை அனுப்பிவிடுவார்கள்.