தேசிங்கு ராஜா மராத்தியர் அல்லர்: கையேடு அச்சிட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செஞ்சிக் கோட்டைக்குப் பேருந்தில் ஆட்களை அழைத்துவந்து, மலையேறும் முன் ஆளுக்கொரு கையேடு கொடுக்கும் சுற்றுலா நிறுவனத்தாருக்கு,

வணக்கம். இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் "அடுத்த பதிப்பில் பார்க்கிறோம்" என்றீர்கள். அடுத்த பதிப்பும் வந்துவிட்டது. நான்காம் பக்கத்தில் "மராத்திய மன்னர் தேசிங்கு" அப்படியே இருக்கிறது.

போன வாரம், எட்டாவது படிக்கும் என் மகள் பள்ளிக் கட்டுரையில் "தேசிங்கு ராஜா புந்தேலா ராஜபுத்திரர்" என்று எழுதியிருந்தாள். அவளுடைய ஆயா, தேசிங்கும் உயிர்த்தோழன் மகமத்கானும் போருக்குப் போன கதையைப் பாடிப் பாடித் தூங்கவைத்த பிள்ளை அவள். ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்து "மராத்தியர்" என்று திருத்தியிருந்தார். விசாரித்தால், அவர் பார்த்துத் திருத்தியது உங்கள் கையேட்டை. "அச்சுல வந்ததுல தப்பு இருக்குமாப்பா?" என்று கேட்டாள். அன்று இரவு ஆயாவிடம் கதை கேட்கவும் அவள் போகவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

குழப்பம் எங்கே வந்தது என்று தெரிகிறது. 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் மராத்தியக் கோட்டைகளின் வரிசையில்தான். சரி. ஆனால் 1698இல் கோட்டை முகலாயர் கைக்குப் போய்விட்டது. அதன்பின் அவர்கள் இங்கே கோட்டைத் தலைவராக வைத்த சொரூப்சிங் ஒரு புந்தேலா. அவர் மகன் தேஜ்சிங்தான் நம் வாயில் தேசிங்கு ஆனார். அப்பா இறந்தபின் கோட்டைக்கு உரிமை கேட்டு நின்றவர், 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இளம் வயதிலேயே மாண்டார்.

ராஜபுத்திரர் என்றாலே ராஜஸ்தான் என்று உங்கள் வழிகாட்டிகள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அதுவும் தவறு. புந்தேலாக்களின் மண் புந்தேல்கண்ட். இன்றைய உத்தரப்பிரதேசத்திலும் மத்தியப்பிரதேசத்திலுமாகக் கிடக்கிறது. காசியை ஆண்ட ககர்வார் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். முன்னோர் ஒருவர் விந்தியவாசினி அம்மனுக்குத் தன்னையே பலிகொடுக்கத் துணிந்தபோது சிந்திய ரத்தத் துளியால், அதாவது 'பூந்த்' என்ற சொல்லால், அந்தப் பெயர் வந்தது என்பது அவர்கள் குலக்கதை. விந்திய மலையின் பெயரே அப்படி மருவியது என்பாரும் உண்டு. 1531இல் ருத்ரபிரதாப் பேத்வா ஆற்றங்கரையில் ஓர்ச்சாவைத் தலைநகராக்கினார். அந்தக் குலத்தில் வந்த சத்ரசால், முகலாயரை எதிர்த்தே தனி அரசு கண்டார். அதே குலத்தைச் சேர்ந்த வேறு சிலர் முகலாயப் படையில் தெற்கே வந்தார்கள். அப்படித்தான் எங்கோ விந்தியத்தில் பிறந்த ஒரு குலம் எங்கள் ஊர்ப் பாட்டில் ஏறியது. இவ்வளவையும் ஒரே சொல்லில் அழித்துவிட்டீர்களே! பணம் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றிக்காட்டுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒரு வரிதான். நான்காம் பக்கத்தில் "மராத்திய மன்னர்" என்பதை எடுத்துவிட்டு, "புந்தேலா ராஜபுத்திரர்" என்று போடுங்கள். மீதமிருக்கும் படிகளில் ஒரு துண்டுச் சீட்டாவது ஒட்டிக் கொடுங்கள். திருத்திய படி ஒன்றை எனக்கும் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். மகளின் பள்ளிக்கு நானே எடுத்துப்போகிறேன்.

இப்படிக்கு,
செஞ்சிக்காரன் ஒருவன்