செயலாளர் ஆண்டறிக்கை: பண்ணைச் சந்திப்புகளும் பொதுச் சாப்பாடும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு விதிப்படி கூடியது. பொதுக்குழு போதிய உறுப்பினர்கள் வராததால் ஒத்திவைக்கப்பட்டு, பிறகு நடந்தது. விதைப் பரிமாற்றம் வழக்கம்போல் முடிந்தது.

இந்த ஆண்டின் பெரிய வேலை பண்ணைச் சந்திப்புகள்தான்: ஒருவர் பண்ணைக்குப் போய், வயலை நடந்து பார்த்து, பிறகு அங்கேயே சேர்ந்து சாப்பிடுவது. “சாப்பிடுவதற்கா சங்கம்?” என்று கேட்டவர்களுக்கும் சேர்த்தே சற்று விரிவாக எழுதுகிறேன். விவசாயத்துக்குப் புதிதாக வந்தவர் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. கையில் வேலை கொடுத்தால் கேள்வி தானாக வருகிறது. அதனால் ஒவ்வொரு சந்திப்பிலும் எல்லோரும் செய்து பார்க்க ஒரு சோதனை வைத்தோம்.

மண்ணைப் பார்க்க, கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு, ஒரு பிடியை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளச் சொன்னோம். 2.5 செ.மீ. எட்டும் முன் முறிந்தால் களி குறைவு, 5 செ.மீ. தாண்டினால் களிமண். தண்ணீர் கூடினால் நாடா வராது, விரலில் ஒட்டிக்கொள்ளும்.

சொட்டுநீரில், மணிக்கு 4 லிட்டர் சொட்டுவானுக்கு அடியில் கிண்ணம் வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 67 மி.லி. வர வேண்டும். அளப்பதற்கு முன் குழாயின் கடைசியில் உள்ள மூடியை (எண்ட் கேப்) திறந்து, தண்ணீர் தெளியும்வரை விட வேண்டும். வண்டல் கடைசியில்தான் தங்கும். அதன் பிறகும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தால் அடைப்பு. கடைசியை நோக்கிப் படிப்படியாகக் குறைந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது குழாய் நீளம் அதிகம். குழாயையே மாற்றக் கிளம்பிய சிலருக்கு ஃபில்டரைக் கழுவியதே போதுமானதாக இருந்தது.

வாசலில் செருப்பு, பூட்ஸ் மண்ணைத் தேய்த்து எடுத்துக் கழுவிய பிறகே கிருமிநாசினி. மண் ஒட்டியிருந்தால் மருந்து வேலை செய்யாது. வேரைத் தாக்கும் நூற்புழுவும் வாடல் நோயும் அந்த மண்ணோடுதான் அடுத்த பண்ணைக்குப் போகின்றன. மருந்தடித்த வயலுக்குள், லேபிளில் சொன்ன இடைவெளி முடியும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது. ஒரு குழுவுக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். பின்வரிசைக்குக் காது கேட்காவிட்டால் போனை எடுத்துவிடுகிறார்கள். பண்ணைக்காரர் தோற்றுப்போன பாத்தி ஒன்றையாவது காட்ட வேண்டும் என்பதும் விதி. அதற்குத்தான் தயக்கம் அதிகம், பலனும் அதிகம்.

சாப்பாடு எப்போதும் வயல் நடை முடிந்த பிறகே. முதலில் போட்டால் பாதிப் பேர் வயலுக்கு வருவதில்லை. கடன், விலை, வீட்டார் எதிர்ப்பு எல்லாம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் வெளியே வருகின்றன. ஒரே வண்டியில் வந்தவர்கள் பக்கத்தில் உட்காரக் கூடாது. கைகழுவ சோப்பும் குழாய்த் தண்ணீரும் தேவை. எல்லோரும் கைவிடும் வாளி உதவாது. சமைத்ததை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. எண்ணெய்ப் பதார்த்த மிச்சத்தைத் திறந்த எருக்குவியலில் கொட்டினால் எலி வரும்.

இனி, சொல்லாமல் விட முடியாதது. போன் குழுவில் ‘வருகிறேன்’ என்று கட்டைவிரல் காட்டிவிட்டு வராமல் இருப்பவர்களால் பண்ணைக்காரர் வீட்டில் அண்டா நிறையச் சாப்பாடு மிஞ்சுகிறது. நடையைத் தவிர்த்து, தட்டு வைக்கும் நேரத்துக்குத் துல்லியமாக வந்து சேர்கிறவர்களும் உண்டு. நேரக் கணிப்பைப் பாராட்டலாம்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்கட்டின. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளோர் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று செயற்குழு முடிவெடுத்ததால் வாசிக்கவில்லை. பட்டியல் தயாராக உள்ளது.

இடம் தந்தோர், சமைத்தோர், வண்டி தந்தோர் அனைவருக்கும் நன்றி. பாத்திரம் கழுவியவர்களுக்குத் தனி நன்றி. எப்போதும் அதே சிலர்தான்.

அடுத்த ஆண்டு அறுவடைக்கு மட்டுமின்றி, நாற்று விடும்போதும் களையெடுக்கும்போதும் போக வேண்டும். தவறு தொடங்குவது அங்கேதான். ஆனால் பண்ணை தர இதுவரை முன்வந்தவர்கள் ஏற்கெனவே தந்தவர்களே. செயலாளர் பொறுப்பை வேறு யார் ஏற்றாலும் அளவைக் கிண்ணங்களையும் குறிப்பேட்டையும் இன்றே ஒப்படைக்கச் சித்தமாக இருக்கிறேன். வெளியே மேசையில் இரண்டு நோட்டுகள் உள்ளன: ஒன்று பண்ணை தருவோர் பெயர் எழுத, மற்றது ரசீதுப் புத்தகம்.

இப்படிக்கு,
செயலாளர்