கயலுக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் கயலுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நீ போன் செய்து ஐந்து வாரம் ஆகிறது. வேலை இருக்கும், தெரியும். போன வாரம் செந்தில் வந்துவிட்டுப் போனான். உன்னைப் பற்றி விசாரித்தான், நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன்.

ஒவ்வொரு காலாண்டும், புதுக் கம்பெனிகளில் முதலீடு செய்கிற உன் ஃபண்டின் அறிக்கையை எனக்கும் காட்டுவாய். இந்தத் தடவை வரவில்லை. அதனால் பழையதையே எடுத்து மறுபடி படித்தேன். முதல் பக்கத்தில், போட்ட பணம் நாலு மடங்காகியிருப்பதாகப் பெரிய எழுத்தில் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தின் கீழே சின்னக் கட்டம் ஒன்று, முதலீட்டாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்று. அதில் பூஜ்யம். ஃபண்டுக்குப் பத்து வருட ஆயுள், ஐந்தாம் வருடத்தில் பூஜ்யம் இருப்பது சகஜம் என்பாய். நானும் ஃபண்டில் இருந்த காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நாலு மடங்கு எங்கிருந்து வந்தது? கம்பெனி அடுத்த சுற்று முதலீடு திரட்டியபோது இன்னொருவர் கூடுதல் விலைக்குக் கொஞ்சம் பங்கு வாங்கினார். அந்த விலையை நம் பங்கு முழுவதற்கும் போட்டுக் கணக்கெழுதினோம். அந்த விலைக்கு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள ஆள் வந்தால்தான் அது பணம்.

உன்னைக் குறைசொல்ல எழுதவில்லை. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்த பிறகு எல்லாரும் ஏஐ பக்கம் ஓடினார்கள். நீ அதற்கு ஒரு வருடம் முன்பே முதல் காசோலையைக் கொடுத்தவள். அப்போது வேண்டாம் என்று தடுத்தது நான்தான். 2025 ஜனவரி 27 நினைவிருக்கிறதா? டீப்சீக் என்ற மலிவான சீன ஏஐ மாடல் பற்றிய செய்தியால், ஏஐ சிப் விற்கிற என்விடியாவின் சந்தை மதிப்பு ஒரே நாளில் ஏறத்தாழ 60,000 கோடி டாலர் இறங்கியது. நான் பதறிப்போயிருந்தேன். ராத்திரி நீயே கூப்பிட்டு, "மாடல் மலிவானால் அதை வாங்கிப் பயன்படுத்துகிற நம்ம கம்பெனிகளுக்கு நல்லதுதானே அப்பா" என்று நிதானமாகச் சொன்னாய். அதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன், உன்னிடம் சொல்லவில்லை. சந்தை விழுந்த நாளில் கூப்பிட்ட பெண், எல்லாம் ஏறுகிறது என்று ஊரே சொல்லும்போது ஏன் பேசாமல் இருக்கிறாள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனிகளின் வங்கிக் கணக்கைப் பார். வருமானம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை எல்லாரும் காட்டுவார்கள். அதில் எவ்வளவு ஏஐ மாடல் செய்து விற்கிற மாடல்காரர்களுக்கும், கணினிகளை வாடகைக்கு விடும் கிளவுடுக்கும் போகிறது என்று கேள். எங்கள் காலத்து மென்பொருளில் பத்தாயிரமாவது வாடிக்கையாளர் வந்தாலும் கூடுதல் செலவு அநேகமாக இருக்காது. இதில் அவர் கேள்வி கேட்கும் ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு சிப் ஓடுகிறது, அதற்குக் காசு. மாதக் கட்டணம் ஒன்றே என்றால், அதிகம் பயன்படுத்துகிறவரால்தான் அதிக நஷ்டம். அப்புறம், அந்த வேலையை மாடல்காரரே நாளைக்குத் தன் தயாரிப்பில் சேர்த்துவிட்டால் உன் கம்பெனியிடம் மிஞ்சுவது என்ன? வாடிக்கையாளரின் அன்றாட வேலைக்குள் ஆழமாகப் புகுந்த கம்பெனி பிழைக்கும், மற்றவை பிழைப்பது கஷ்டம். இன்னொன்று, சிப் விற்கிறவரே தன்னிடம் சிப் வாங்குகிற கம்பெனியில் முதலீடு செய்கிறார். அந்தப் பணம் சிப் விலையாக அவரிடமே திரும்புகிறது. 2000 வாக்கில் தொலைத்தொடர்புக் கருவி விற்றவர்களும் வாங்குகிறவர்களுக்குக் கடன் கொடுத்தே விற்றார்கள். அந்த விற்பனை எண்களை நம்பித்தான் நாங்கள் கணக்குப் போட்டோம்.

தொழில்நுட்பம் பொய் என்று நான் சொல்லவில்லை. இணையமும் பொய்யில்லை. 2000 மார்ச் 10 அன்று, தொழில்நுட்பக் கம்பெனிகள் நிறைந்த அமெரிக்கப் பங்குக் குறியீடான நாஸ்டாக் 5,048-ல் இருந்தது. 2002 அக்டோபரில் 1,114. பழைய உச்சத்தைத் தொட 2015 ஆயிற்று. அமேசான் பங்கே 90 சதவீதத்துக்கு மேல் விழுந்து எழுந்ததுதான். திவாலானவர்கள் போட்டுவைத்த கண்ணாடியிழைக் கேபிள்களை மலிவாக வாங்கிப் பின்னால் வந்தவர்கள் வளர்ந்தார்கள். இணையம் ஜெயித்தது, எங்கள் ஃபண்ட் ஜெயிக்கவில்லை. பத்துக் கம்பெனியில் ஒன்று மற்ற ஒன்பதின் நஷ்டத்தையும் சேர்த்துத் தூக்கிவிடும் என்ற நம்பிக்கையில்தான் நம் தொழிலே ஓடுகிறது. அந்த ஒன்று எங்களுக்கு வரவே இல்லை. வங்கிக் கணக்கைப் பார் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

அதனால் மட்டும் இல்லை. சித்தப்பா விஷயம் உனக்குத் தெரியும், பணம் போனது என்ற அளவில். மீதியை அம்மாகூட உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். 2001-ல் அவன் கூப்பிட்டபோதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை. போன் பக்கத்து நோட்டில் அம்மா, "உங்க தம்பி கூப்பிட்டார்" என்று தேதி போட்டு எழுதிவைப்பாள். முதலில் முழுதாக எழுதினாள், பிறகு "தம்பி" என்று மட்டும், கடைசியில் வெறும் தேதி. மொத்தம் பதினொரு தேதி. நான் வீட்டில்தான், பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் பணம் போயிருந்த கம்பெனி தேறாது என்று ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருந்தால் அவன் வீட்டுக் கடனுக்காவது வேறு வழி பார்த்திருப்பான். அடுத்த சுற்றுப் பணம் வந்துவிடும், நல்ல செய்தியோடு பேசலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். பணம் போனதற்காக அவன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. போனை எடுக்காததை மட்டும் அவனால் மறக்க முடியவில்லை. கடைசி வரை என்னிடம் பழையபடி பேசவே இல்லை.

செந்தில் சும்மா வரவில்லை, கயல். உன் ஃபண்டில் அவன் பணமும் இருக்கிறது என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ அவன் போனையும் எடுக்கவில்லையாம். குறையாகச் சொல்லவில்லை. அவன் அப்பா, என் தம்பி மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

எந்தக் கம்பெனி, எவ்வளவு என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அவனிடம் பேசு. நல்ல செய்தி வரட்டும் என்று காத்திருக்காதே. அதற்கப்புறம் முடிந்தால் அம்மாவைக் கூப்பிடு. ராத்திரி ஏழு மணிக்கு மேல் அவள் போன் பக்கத்தில்தான் இருப்பாள்.

அப்பா