செல்லாத நோட்டில் ஒரு பிள்ளையார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தோனேசியாவின் பணத்தாளில் இன்றும் பிள்ளையார் படம் இருக்கிறது, அதனால்தான் அந்த நாட்டுப் பொருளாதாரம் நிமிர்ந்து நிற்கிறது என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். இதே சேதி மாதம் ஒரு முறையாவது எனக்கு வாட்ஸ்அப்பிலும் வந்துவிடுகிறது. 2022-இல் அன்றைய டெல்லி முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவால்கூட இதைக் காட்டித்தான் நம் நோட்டிலும் லட்சுமி, பிள்ளையார் படங்களை அச்சிடச் சொன்னார்.

பழைய நோட்டு சேர்ப்பது என் பழக்கம். அந்தத் தாளும் ஒன்று இருக்கிறது. இருபதாயிரம் ருபியா, 1998-இல் வெளியானது. 2008 கடைசியிலேயே அந்நாட்டு மத்திய வங்கி அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. பொருளாதாரக் கதையும் ஒட்டவில்லை. ருபியா தலைகுப்புற விழுந்து, முப்பது ஆண்டு ஆண்ட சுகார்த்தோவே பதவியை விட்டு இறங்கிய வருடம் அந்த 1998. இதில் பிள்ளையார்மீது பழி ஒன்றும் இல்லை, பாவம்.

சரி, அவர் ஏன் அங்கே வந்தார்? பச்சைத் தாள். முன்பக்கத்தில் கி ஹஜர் தேவாந்தரா முகம், பக்கத்தில் பிள்ளையார் சிலை. திருப்பினால் ஒரு வகுப்பறை, உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள். தேவாந்தரா யார் என்று தெரிந்தால் விஷயம் விளங்கிவிடும். டச்சுக்காரர் ஆட்சியில், 1922-இல், சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்காக யோக்யகர்த்தாவில் பள்ளி தொடங்கியவர்; சுதந்திர இந்தோனேசியாவின் முதல் கல்வி அமைச்சர். அவர் பிறந்த மே 2-தான் அங்கே கல்வி நாள். அவருக்குத் துணையாகப் படிப்பின் அடையாளமாகப் பிள்ளையார் வந்து உட்கார்ந்திருக்கிறார். பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்தின் சின்னமும் அவர்தான். அதன் முகவரியே கணேஷா தெரு, எண் 10.

தேசியச் சின்னமான கருடனும் இப்படித்தான். அதற்கு வடிவம் தந்தவர் பொந்தியானாக் சுல்தான் இரண்டாம் ஹமீது. சிறகுக்கு 17 இறகு, வாலில் 8, கழுத்தில் 45: எல்லாம் சேர்ந்தால் சுதந்திரம் அறிவித்த நாள், 17-8-1945. கருடன் திருமாலின் வாகனம் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதை யாரிடமோ இரவல் வாங்கியதாக அவர்கள் நினைப்பதில்லை. பாட்டன் வீட்டுச் சொத்து, அவ்வளவுதான். 'பார், முஸ்லிம்களே நம் சாமியைக் கும்பிடுகிறார்கள்' என்று நாம் பூரிப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

சின்னம் வேறு, வழிபாடு வேறு. பிரம்பானனில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவன் கோயில் 47 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. நெடுங்காலம் அது பெரும்பாலும் சுற்றுலாத் தலமாகத்தான் இருந்தது. இந்துக்கள் அங்கே வழிபட வழிசெய்யும் ஒப்பந்தம் 2022 பிப்ரவரியில்தான் கையெழுத்தானது. அந்தச் செய்தி எந்த வாட்ஸ்அப் குழுவிலும் என் கண்ணில் படவில்லை.

அடுத்த முறை அந்தப் படத்தை வெளியிட்டால் 'பழைய நோட்டு' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி